ரீயூனியனில் ஒரு வாரம்: புயல் பருவத்தில் போகிறவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியவை

மொரீஷியஸில் வேலை பார்க்கும் தமிழ்நாட்டு, புதுவைத் தமிழர்களிடம் ஒரு வார விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று கேட்டால், பெரும்பாலானோர் தயங்காமல் ரீயூனியன் தீவைத்தான் சொல்வார்கள். விமானத்தில் முக்கால் மணி நேரம், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை, எரிமலை, மலைப்பள்ளத்தாக்கு, கடல் மூன்றும் ஒரே தீவில் இருக்கின்றன. எனக்கு அந்தத் தீவின்மேல் இருந்த ஆசை அதைவிடப் பழையது. நான் காரைக்காலில் பிறந்தவள். 1848-இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்ட வேலைக்காகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்களைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் என் பாட்டி காலம்வரை இருந்தது. அந்த மண்ணை ஒருமுறையாவது மிதிக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பணம் சேர்த்து, 2025 பிப்ரவரி கடைசி வாரத்தில் போனேன். 26ஆம் தேதி மகா சிவராத்திரிக்கு மொரீஷியஸில் பொது விடுமுறை என்பதால் ஒரு நாள் லீவு மிச்சமாகும்; அலுவலகத்தில் அந்த வாரத்துக்குத்தான் அனுமதியும் கிடைத்தது. அந்த வாரத்தின் முடிவில்தான் கரான்ஸ் புயல் ரீயூனியனின் வடபகுதியைத் தாக்கியது.

திட்டமிட்ட செலவுக்கு மேலும், வீணாகவும் எனக்குப் போன பணம் 925 யூரோ, அதாவது ஏறத்தாழ 45,000 மொரீஷியஸ் ரூபாய். சம்பளமில்லாத லீவு தனிக் கணக்கு. உயிருக்கு ஆபத்து வரவில்லை என்பதால் இதைப் பெரிய துன்பம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. அந்தப் புயலில் ஐந்து பேர் இறந்திருக்கிறார்கள். ஆனாலும், கீழே சொல்வதில் நான்கைந்து விவரங்களை யாராவது முன்பே சொல்லியிருந்தால் பணத்தில் பெரும்பகுதியும், அந்நிய ஊரில் தனியாக அனுபவித்த திகிலில் ஒரு பகுதியும் குறைந்திருக்கும். அதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் விசா. ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம், நாணயம் யூரோ. ஆனால் அது பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா செல்லுபடியாகும் ஷெங்கன் பகுதிக்குள் அடங்காது. பாரிஸுக்கு வாங்கிய சாதாரண ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இந்தியக் கடவுச்சீட்டுடன் ரீயூனியனில் இறங்க முடியாது. மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் உள்ள பிரெஞ்சுத் தூதரகத்தின் வழியாக, ரீயூனியனுக்கு என்று குறிப்பிட்டே விண்ணப்பிக்க வேண்டும். என்னோடு வருவதாக இருந்த அலுவலகத் தோழியிடம் ஷெங்கன் விசா இருந்தது. அது செல்லாது என்று தெரிந்தபோது புதிதாக விண்ணப்பிக்க அவருக்கு நேரம் போதவில்லை. நான் தனியாகப் போக நேர்ந்தது அப்படித்தான். விண்ணப்பிக்கும்போது திரும்பும் தேதியோடு விசாவை முடித்துவிடாமல், விமானம் தடைப்படக்கூடிய பருவம் என்று காரணம் எழுதிச் சில நாட்கள் கூடுதலாகக் கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு வாங்கியிருந்தது பின்னால் பெரிய நிம்மதியாக இருந்தது. சனிக்கிழமை விமானம் ரத்தானபோது என்னருகே நின்ற ஒருவரின் விசா அன்றோடு முடிந்தது. அவர் முகத்தில் இருந்த கலக்கம் எனக்கு மறக்கவில்லை. விசா வைத்திருக்கும் இந்தியர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்: தலைநகர் சாந்தெனியில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அதன் தொலைபேசி எண்ணைக் கைபேசியில் மட்டுமல்லாமல் காகிதத்திலும் எழுதி வைத்திருங்கள்.

விசாவுக்காகக் கட்டாயமாக எடுக்கும் பயணக் காப்பீட்டைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது மருத்துவச் செலவுக்கும், உடல்நலம் கெட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவுக்கும் மட்டுமே. விமானம் ரத்தாவதற்கோ, முன்பதிவு வீணாவதற்கோ, கூடுதல் இரவுகள் தங்குவதற்கோ அது ஒரு காசும் தராது. விற்றவர் "முழுக் காப்பீடு" என்று சொல்லித்தான் விற்றார். வானிலையால் பயணம் தடைப்படுவதை ஈடுசெய்யும் பிரிவு தனியாக இருக்கிறதா என்று கேட்டு, அந்த வரியைப் பத்திரத்தில் காட்டச் சொல்லுங்கள். அதையும் டிக்கெட் வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு புயலுக்குப் பெயர் வைக்கப்பட்ட பிறகு எடுக்கும் காப்பீட்டை, ஏற்கெனவே தெரிந்த ஆபத்து என்று சொல்லி அந்தப் புயலுக்குச் செல்லாததாக்கிவிடுவார்கள்.

வாரத்தின் முற்பகுதி நான் கனவு கண்டபடியே இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தீவுக்கு நான் நியாயம் செய்தவளாக மாட்டேன். வாடகைக் காரை எடுத்துக்கொண்டு விடியுமுன் கிளம்பி, பூர்-முரா என்ற ஊரைத் தாண்டி மலையேறினால் பிளேன் தே சாப்ல் என்ற சமவெளி வருகிறது. புல் பூண்டு இல்லாமல், செம்பழுப்பும் கறுப்புமாக எரிமலைச் சாம்பல் விரிந்து கிடக்கிறது. அதற்கப்பால் பா தெ பெல்கோம்ப் விளிம்பிலிருந்து 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் எரிமலையைப் பார்க்கலாம். கடற்கரையில் வியர்த்துக்கொண்டிருந்தவள் அங்கே கம்பளிச் சட்டைக்குள் நடுங்கினேன். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மூடிவிடுவதால் அதற்குமுன் அங்கே இருக்க வேண்டும். மறுநாள் சாந்தாந்திரேயில் கோயிலுக்குப் போனேன். வாசலில் மாலை கட்டிக்கொண்டிருந்த முதிய அம்மா ஒருவர் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் என்னை மகளே என்று அழைத்து உட்காரவைத்து, மாரியம்மன் தாலாட்டில் நான்கைந்து வரிகளைப் பிசகாமல் பாடிக் காட்டினார். அதன் பொருள் தமக்குத் தெரியாது என்றும், தம் பாட்டி பாடியதை அப்படியே பாடுவதாகவும் சொன்னார். காரைக்காலிலிருந்து வந்தவள் என்று நான் சொன்னதும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் விடவேயில்லை. அந்தப் பயணத்தில் நான் அழுதது அங்கே மட்டும்தான்.

காரைப் பற்றிச் சில விவரங்கள். மொரீஷியஸில் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு ரீயூனியனில் வலப்பக்கம். முதல் நாள் ரவுண்டானாக்களில் மிகுந்த கவனம் தேவை. ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைத்தான் பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் கேட்கின்றன. டெபிட் கார்டை ஏற்பதில்லை. என் கார்டில் 900 யூரோவை முன்பணமாக முடக்கி வைத்தார்கள். அந்த அளவு வரம்பு உங்கள் கார்டில் இருக்க வேண்டும் என்பதோடு, முடக்கிய பிறகு அவசரச் செலவுக்கு என்ன மிஞ்சும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அடிப்படைக் காப்பீட்டில் முன்கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பகுதி ஆகியவை சேராமல் இருப்பது வழக்கம். புயலன்று நிறுத்தியிருந்த காரின்மேல் மரக்கிளை விழுந்து முன்கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. புயலால் நேர்ந்தது என்று எவ்வளவு வாதாடியும், கண்ணாடி ஒப்பந்தத்தில் இல்லை என்று 390 யூரோவைப் பிடித்துக்கொண்டார்கள். நாளொன்றுக்குச் சில யூரோ கூடுதலாகக் கொடுத்துக் கண்ணாடிக்கும் சேர்த்துக் காப்பீடு வாங்கும் வசதி இருந்ததாம். கார் எடுக்கும் இடத்தில் யாரும் அதை வாய்திறந்து சொல்லவில்லை. நீங்களாகக் கேளுங்கள்.

செவ்வாயன்று சிலாவோஸ் போய்ச் சேர்ந்தேன். கடலோரத்திலிருந்து அந்த மலையூருக்குப் போக ஒரே சாலைதான். நானூறு வளைவுகள் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அங்கிருந்து 2,081 மீட்டர் உயரத்திலுள்ள தாய்பி கணவாயைக் கடந்து, மாஃபாத் பள்ளத்தாக்கின் மார்லா குக்கிராமத்துக்கு நடந்து போவது என் திட்டத்தின் உச்சம். மாஃபாத்துக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். தங்குமிடத்துக்கும் வழிகாட்டிக்கும் 140 யூரோ முன்பே கட்டியிருந்தேன். ஆனால் வடக்கே கடலில் புயல் வலுத்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலை விடுதிக்கார அம்மா என் மேசைக்கு வந்து, "இன்றைக்கே இறங்கிவிடுங்கள் மதாம். மழை வந்தால் பாறை விழுந்து சாலை அடைபடும், பிறகு எத்தனை நாளைக்கு இங்கே இருப்பீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது" என்றார். மறுபேச்சுப் பேசாமல் இறங்கினேன். உள்ளூர்க்காரர்கள் இப்படிச் சொன்னால் உடனே கேட்டுவிடுங்கள். அந்த மலைகளில் பெய்யும் மழை நாம் அறிந்த மழை அல்ல: 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் பகுதியில் மூன்றே நாட்களில் 3,929 மில்லிமீட்டர் பெய்தது; மூன்று நாள் மழையில் அது உலக உச்சம். காரைக்காலில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

பணம் போனது இந்த இடத்தில்தான். நான் இறங்கியபோது மஞ்சள் எச்சரிக்கைதான் நடப்பில் இருந்தது. மலைப்பாதைகளை மூடும் அரசு ஆணை அதற்குப் பிறகே வந்தது. ஆணைக்கு முன்பே நீங்களாகப் போகாமல் இருந்துவிட்டீர்கள், ஆகவே பணம் திரும்பாது என்று மாஃபாத் முன்பதிவை நடத்தியவர்கள் எழுதினார்கள். இறங்கி வந்தது சரியான முடிவு என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. மேலே காத்திருந்தால் 140 யூரோ திரும்பியிருக்கும், நான் திரும்பியிருப்பேனா என்பது வேறு. பாதுகாப்பைக் கருதி முன்னெச்சரிக்கையாக விலகுகிறவரைத் தண்டிக்கும் இந்த விதி அநியாயமானது என்றே நினைக்கிறேன். ஆகவே முன்பதிவு செய்யும்போதே, மஞ்சள் எச்சரிக்கை வந்தவுடன் ரத்து செய்தால் பணம் திரும்புமா, இல்லையேல் வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கிவிடுங்கள். வாயால் சொன்னது செல்லாது.

எச்சரிக்கை முறையைப் பற்றி மொரீஷியஸில் இருப்பவர்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒன்று முதல் நான்கு வரையிலான எண்கள். நான்காம் எண் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ரீயூனியனில் நிறங்கள். மஞ்சள் என்றால் ஆயத்தம். ஆரஞ்சு என்றால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆபத்து, பள்ளிகள் மூடப்படும், மலைப்பக்கம் போகக்கூடாது. சிவப்பு என்றால் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அது நடப்புக்கு வருவதற்குச் சில மணி நேரம் முன்பாகச் சொல்லிவிடுவார்கள், அதற்குள் கடை, பெட்ரோல், தங்குமிடம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும். ஊதா என்றால் மீட்புப் படையினர்கூட வெளியே வரமாட்டார்கள். நீங்கள் அழைத்தாலும் ஆம்புலன்ஸ் வராது. காற்று ஓய்ந்தபின்பும் உடனே வெளியேறக்கூடாது. அறுந்த கம்பிகளையும் விழுந்த மரங்களையும் அகற்றும் கட்டம் ஒன்று தனியாக உண்டு. சுற்றுலா வந்தவர் என்பதற்காக இதில் எந்தச் சலுகையும் இல்லை. வியாழக்கிழமை இரவு சிவப்பு நடப்புக்கு வந்தபோது சாந்தெனியில், சனிக்கிழமை விமானத்துக்காக முன்பே பதிவு செய்திருந்த விடுதியறையில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 28, காலையில் ஊதா எச்சரிக்கை. மின்சாரம் போய்விட்டது. அறையின் பால்கனிப் பக்கம் பெரிய நகர்கண்ணாடிக் கதவு. அதன் வெளியே அலுமினியத் தகட்டுத் திரை. காற்று வலுத்தபோது மழைநீர் மேலேயிருந்து வரவில்லை. கதவு நகரும் அடித்தடத்தில் இருந்த வடிகால் துளைகள் வழியாகக் காற்று நீரை உள்ளே தள்ளியது. தடம் நெடுகக் கொதிக்கும் உலைபோல நீர் குமிழியிட்டுத் தரையில் வழிந்தது. இருந்த துண்டுகளையெல்லாம் முறுக்கி அந்தத் தடத்தில் அடைத்தேன். நனைந்ததும் குளியலறையில் பிழிந்துவிட்டு மறுபடி அடைத்தேன். கண்ணாடி உள்நோக்கி வளைவது கண்ணுக்கே தெரிந்தபோது அந்த வேலையை விட்டுவிட்டு, கடவுச்சீட்டையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு, சன்னல் இல்லாத குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காற்றின் ஓசை விட்டுவிட்டு வரவில்லை. ஒரே சுருதியில் மணிக்கணக்காக இருந்தது. கைபேசிக் கோபுரம் விழுந்துவிட்டதோ என்னவோ, தொடர்பு இல்லை. காரைக்காலில் இருக்கும் அக்காவுக்கு நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல முடியாத அந்த நேரம்தான் எனக்கு மிகவும் கொடியதாக இருந்தது. விடுதிக்காரர் முந்தைய மாலை எல்லா அறைகளுக்கும் கொடுத்திருந்த சிறிய பேட்டரி வானொலிதான் துணை. ரேடியோ ஃப்ரீடம் நிலையத்தில் மக்கள் தங்கள் தங்கள் ஊர் நிலையைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கிரியோல் அரைகுறையாகத்தான் புரிந்தது. ஆனாலும் மனிதக் குரல் கேட்டுக்கொண்டிருந்ததே போதுமானதாக இருந்தது.

மறுநாள் வெளியே வந்தபோது ஊரே முறிந்த கிளைகளாக இருந்தது. தீவில் லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரமில்லை. பல இடங்களில் குழாயில் நீர் இல்லை, வந்த இடங்களிலும் கலங்கலாக வந்தது. கார்டு எந்திரங்கள் வேலை செய்யாததால் கடைக்காரர்கள் ரொக்கம் கேட்டார்கள். கையில் சிறு நோட்டுகளாக நூற்றைம்பது யூரோவாவது இல்லாமல் புயல் பருவத்தில் அந்தத் தீவில் இருக்காதீர்கள். சிவப்பு அறிவிப்புக்கு முன்பே குடிநீர், சமைக்கத் தேவையில்லாத உணவு, பேட்டரி விளக்கு, முழுதாக நிரப்பிய பவர் பேங்க் ஆகியவற்றை வாங்கிவிட வேண்டும். வாளி, தொட்டி எல்லாவற்றிலும் நீர் பிடித்து வைக்க வேண்டும். காரின் படங்களை நான்கு பக்கமும் தேதியுடன் எடுத்து வையுங்கள். முந்தைய மாலை எடுத்த படங்கள் என்னிடம் இருந்ததால்தான், கதவில் இருந்த பழைய கீறலுக்கும் சேர்த்து என்னிடம் பணம் வாங்க முடியாமல் போயிற்று.

விமான நிலையம் திரும்பத் திறந்த பிறகும் எனக்கு இடம் கிடைக்கவில்லை. ரத்தான விமானங்களின் பயணிகள் அனைவரும் காத்திருந்தார்கள். எனக்கு மறுவாரத்தின் நடுவில் ஓர் இருக்கை தந்தார்கள். அதுவரை தங்க எங்கே ஏற்பாடு என்று கேட்டதற்கு, புயல் இயற்கைச் சீற்றம், நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று முகப்பில் இருந்தவர் சொன்னார். வரிசையில் நின்ற எல்லாரும் அதை நம்பித் திரும்பினார்கள். கூடுதல் இரவுகளுக்கு 285 யூரோ, சாப்பாட்டுக்கும் டாக்சிக்கும் 110 யூரோ என் கையிலிருந்து போனது.

அவர் சொன்னது பாதிதான் சரி என்பதை ஊர் திரும்பியபின் சட்டத்தைத் தேடிப் படித்துத்தான் அறிந்தேன். ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி. ஆகவே அங்கிருந்து புறப்படும் எந்த விமானத்துக்கும், அது எந்த நாட்டு நிறுவனத்துடையதானாலும், ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 என்ற ஒழுங்குவிதி பொருந்தும். புயல் போன்ற அசாதாரணச் சூழலில் அந்த விதியின் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது என்பது உண்மை. ஆனால் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்பதா, மாற்று விமானத்தில் போவதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை பயணிக்கு உண்டு. மாற்று விமானத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் உணவு, தங்குமிடம், விடுதிக்கும் நிலையத்துக்கும் இடையே போக்குவரத்து ஆகியவற்றை விமான நிறுவனம் தர வேண்டும். இதற்குப் புயலைக் காரணம் காட்டித் தப்ப முடியாது. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டதை ஒட்டிய வழக்கில், 2013-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. மொரீஷியஸிலிருந்து ரீயூனியனுக்குப் போகும் பயணத்தில் இந்த விதி ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்த விமான நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்; ஒரே பயணத்தில் போக்குக்கும் வரவுக்கும் உரிமை வேறுபடலாம் என்பதை டிக்கெட் வாங்கும்போதே நினைவில் கொள்ளுங்கள்.

நிறுவனத்துக்கு எழுதிய முதல் கடிதத்துக்கு, புயல் என்பதால் இழப்பீடு இல்லை என்று அச்சடித்த பதில் வந்தது. நான் கேட்பது இழப்பீடு அல்ல, ஒழுங்குவிதியின் 9ஆம் பிரிவின்படி பராமரிப்புச் செலவு என்று தெளிவாகக் குறிப்பிட்டு, ரத்து அறிவிப்பு, புதிய டிக்கெட், விடுதி ரசீது, சாப்பாட்டு ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைத்து மறுபடி எழுதினேன். சில வாரங்களில் 310 யூரோ வந்து சேர்ந்தது. ரசீது இல்லாத டாக்சிக் கட்டணங்களையும் சில சாப்பாட்டுச் செலவுகளையும் தள்ளிவிட்டார்கள். ஆகவே எவ்வளவு சிறிய தொகையானாலும் தேதியுடன் கூடிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள், நியாயமான விலையுள்ள விடுதியிலேயே தங்குங்கள், முகப்பில் மறுத்தால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் பிரான்சின் சிவில் விமானப் போக்குவரத்துத் துறையிடம் முறையிட வழி உண்டு. கூட்டமாகக் காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். நான் இருந்த வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு குடும்பம் அன்றிரவு நிலையத் தரையில் படுத்தது.

காலத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புயல் பருவத்தைத் தவிர்த்துவிட்டு, மே முதல் அக்டோபருக்குள் போவது நல்லது. மலையில் குளிர் கடுமையாக இருக்கும், ஆனால் வானம் தெளிவாக இருக்கும். லீவு புயல் பருவத்தில்தான் கிடைக்கிறது என்றால், மாஃபாத், சிலாவோஸ் போன்ற மலைப்பகுதிகளை வாரத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, கடைசி நாட்களைக் கடலோரத்தில், நல்ல தண்ணீர்த் தொட்டியும் உறுதியான சன்னல் திரையும் உள்ள விடுதியில் வையுங்கள். மொரீஷியஸ் திரும்பிய மறுநாளே முக்கியமான வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடிக்காகப் பிடித்த 390 யூரோவைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. அடுத்த முறை, செப்டம்பரில், மார்லாவுக்குப் போகும்போது அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதாக இருக்கிறேன்.